'அவுட்பர்ஸ்ட்': ஒரு சொல், மூன்று ஆவணங்கள், மூன்றிலும் உறுத்தல்

கேள்வி: ஒற்றுப்பிழை

மூன்று வெவ்வேறு ஆவணங்களில் 'அவுட்பர்ஸ்ட்' வருகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்தால் சொற்பட்டியல் சுத்தமாக இருக்குமே என்று பார்த்தேன். ஒத்துவரவில்லை.

அ) விளையாட்டுச் செய்தி. செய்தியாளர் சந்திப்பில் ஒரு பயிற்சியாளர் நிருபர்மேல் கத்திவிடுகிறார். மறுநாள் தன் 'அவுட்பர்ஸ்டுக்கு' மன்னிப்புக் கேட்கிறார்.

ஆ) மனநலக் கையேடு. குழந்தைகளிடம் காணும் 'டெம்பர் அவுட்பர்ஸ்ட்', வாரத்துக்கு இத்தனை என்று கணக்கோடு வருகிறது.

இ) புவியியல் கட்டுரை. 'கிளேஷியல் லேக் அவுட்பர்ஸ்ட் ஃப்ளட்'.

வரைவில் முதலாவதற்குக் 'குமுறல்', இரண்டாவதற்கு 'ஆவேசம்', மூன்றாவதற்கு 'பனிப்பாறை வெடிப்பு வெள்ளம்' என்று போட்டிருக்கிறேன். மூன்றும் உறுத்துகின்றன, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. கூடவே இன்னொன்று: பர்ஸ்ட், அவுட்பிரேக், இரப்ஷன், எக்ஸ்ப்ளோஷன் இவற்றுக்கும் இதற்கும் கோடு எங்கே விழுகிறது? ஆங்கிலத்திலேயே எழுத நேர்ந்தால் எந்த வினையோடு, எந்த முன்னிடைச்சொல்லோடு வரும்?

பதில்: சொல்தச்சன்

உறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் பெயர்ச்சொல்லுக்குப் பெயர்ச்சொல் தேடுகிறீர்கள். இந்தக் காரியத்தைத் தமிழ் பெரும்பாலும் வினையில்தான் செய்யும். ஆங்கிலத்தில் ஒரே பெயர்ச்சொல்லை வைத்துக்கொண்டு 'ஆஃப் ஆங்கர்', 'ஆஃப் லாஃப்டர்', 'ஆஃப் டியர்ஸ்' என்று வாலை மட்டும் மாற்றுவார்கள். தமிழில் கோபத்துக்கு ஒரு வினை, சிரிப்புக்கு ஒரு வினை, அழுகைக்கு ஒரு வினை. முன்னால் ஒலிக்குறிப்பு வேறு ஒட்டிக்கொள்ளும்.

கோபத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

சுள்ளென்று விழுந்தார்: ஒரே ஒரு வரி, அதோடு சரி.
எரிந்து விழுந்தார்: காரணம் சின்னது, கோபம் பெரிது. எதிரில் இருப்பவர் பெரும்பாலும் கீழே உள்ளவர்.
சீறினார்: குறைந்த சொல், கூர்மை அதிகம். மிரட்டலும் கலந்திருக்கும்.
பொரிந்து தள்ளினார்: சொற்கள் அடுக்கடுக்காக, எதிராளிக்கு வாய் திறக்க இடமில்லை.
கொட்டித் தீர்த்தார்: பலநாள் அடக்கிவைத்தது. 'தீர்த்தார்' என்பதால் பாரம் இறங்கிய நிம்மதியும் அதில் உண்டு.

ஐந்தும் ஆங்கிலத்தில் 'அவுட்பர்ஸ்ட்' ஆகலாம். ஆகவே மூலத்தில் அந்த ஆள் எவ்வளவு நேரம் கத்தினார், யாரிடம், எத்தனை நாள் அடக்கியதை என்று பார்க்காமல் சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியாது.

சிரிப்புக்குக் 'குபீர்'. 'குபீர்ச் சிரிப்பு' என்று தயாராக ஒரு பெயர்ச்சொல்லே இருக்கிறது, நமக்கு அதிர்ஷ்டம். கூட்டம் என்றால் 'கொல்லென்று சிரித்தார்கள்'. 'கொல்' தனியாளுக்கு வராது. 'அவன் கொல்லென்று சிரித்தான்' என்று எழுதினால் படிப்பவர் ஒருகணம் நின்றுவிடுவார். அழுகைக்கு 'ஓவென்று', 'வெடித்து', 'பீறிட்டு'. இங்கே கவனம் வேண்டும்: 'விசும்பினாள்', 'தேம்பினாள்' என்பவை அடக்கிக்கொண்டு அழுவது, நேர் எதிர்ப்பொருள். 'பொலபொலவென்று' கண்ணீர்த் துளி உதிர்வதைச் சொல்லும், சத்தத்தைச் சொல்லாது.

இனி உங்கள் சொற்கள்.

'குமுறல்' முதன்மையாக உள்ளே நடப்பது. எரிமலை குமுறுகிறது என்றால் இன்னும் கக்கவில்லை. 'உள்ளக் குமுறல்' என்பது வெளிவராத கோபம். 'குமுறி அழுதாள்' போன்ற இடங்களில் வெளியே வருவதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதில் குறையும் வேதனையும்தான் மேலோங்கும், எதிராளிமேல் பாய்ச்சல் இருக்காது. நிருபர்மேல் கத்திய பயிற்சியாளரைக் 'குமுறினார்' என்றால் அவர் பாவம் என்ற தொனி வந்துவிடும். மூலத்தில் அந்தப் பரிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

'கொந்தளிப்பு' நீடிப்பது, பலர் சேர்ந்தது. கடலும் ஊரும் கொந்தளிக்கும். அவுட்பர்ஸ்ட் நிமிடக் கணக்கு.

'ஆவேசம்' ஒரு நிலை. சாமி வந்ததுபோல ஏறி இறங்குவது. அது ஒரு நிகழ்ச்சி இல்லை, ஆகவே எண்ண முடியாது. 'மூன்று ஆவேசங்கள்' என்று சொல்லிப் பாருங்கள், காது ஒப்புக்கொள்ளாது.

'காட்டம்' பேச்சின் காரம் மட்டுமே. நிதானமாக எழுதிய அறிக்கையும் காட்டமாக இருக்கலாம்.

'மடை திறந்த வெள்ளம்' என்று சிலர் போடுகிறார்கள், அதுவும் பொருந்தாது. மடையைத் திறப்பவர் ஒருவர் இருக்கிறார், தண்ணீர் வேண்டிய இடத்துக்குப் போகிறது. சரளமான பேச்சுக்குப் பாராட்டு அது. அவுட்பர்ஸ்ட் என்பது கரை உடைவது.

ஆக (அ)வுக்கு என் பரிந்துரை: 'நிருபரிடம் அப்படிச் சீறியதற்காக மறுநாள் மன்னிப்புக் கேட்டார்.' பெயர்ச்சொல்லே இல்லை. மூலத்தில் இருந்ததில் எதுவும் குறையவும் இல்லை.

பதில்: அரைப்புள்ளி

ஆங்கிலப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

உச்சரிப்பில் அழுத்தம் முதல் அசையில், அவுட். 'பர்ஸ்ட் அவுட்' என்று வினையாகப் பிரியும்போது அழுத்தம் பின்னால் போகும். இது எண்ணக்கூடிய பெயர்ச்சொல். ஒருமையில் தனியாக நிற்காது, முன்னால் 'ஆன்', 'தி', 'ஹிஸ்' ஏதாவது ஒன்று வேண்டும். பன்மைக்கு வெறும் 'எஸ்'.

வினை: 'ஹேவ்' வரும். 'கிவ்', 'டூ', 'மேக்' ஒட்டாது. 'கேவ் ஆன் அவுட்பர்ஸ்ட்' என்று எழுதுவது நம்மிடம் அடிக்கடி நேரும் பிழை. தூண்டியதைச் சொல்ல 'ட்ரிகர்', 'ப்ரவோக்', 'ப்ராம்ப்ட்'. பிறகு வருந்தினால் 'அப்பாலஜைஸ் ஃபார்', 'ரிக்ரெட்'. அடிக்கடி அப்படிச் செய்பவர் என்றால் 'ப்ரோன் டு அவுட்பர்ஸ்ட்ஸ்'.

முன்னிடைச்சொல்லில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 'ஆஃப்' வெளிப்பட்டது என்ன என்பதைச் சொல்லும்: கோபம், சிரிப்பு, கைதட்டல், உற்சாகம். 'அட்' எதிரில் நின்ற ஆள். 'அகெய்ன்ஸ்ட்' எதிர்க்கப்பட்ட கொள்கை, அமைப்பு, சில சமயம் ஆள். 'ஓவர்' காரணம். 'ஃப்ரம்' கத்தியது யார். ஒரே வாக்கியத்தில் மூன்று வந்தாலும் இடிக்காது: அவரிடமிருந்து, நடுவர்மேல், அந்தத் தீர்ப்புக்காக. ஃப்ரம், அட், ஓவர்.

'டுவேர்ட்ஸ்' இலக்கணப் பிழை இல்லை, ஆனால் கொஞ்சம் தளர்வு. 'ஆன் அவுட்பர்ஸ்ட் டு தி ரிப்போர்ட்டர்' தப்பு.

அடைமொழி எதுவும் இல்லாமல் 'ஹிஸ் அவுட்பர்ஸ்ட்' என்று மட்டும் வந்தால் கோபம் என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். சிரிப்பு, அழுகை, படைப்பூக்கம் என்றால் வெளிப்படையாகச் சொல்லியே ஆகவேண்டும். இன்னொரு நுணுக்கம்: இந்தச் சொல்லில் லேசான கண்டிப்பு ஒளிந்திருக்கிறது. கட்டுப்பாடு தவறிவிட்டது என்று எழுதுபவர் தீர்ப்புச் சொல்கிறார். நியாயமான எதிர்ப்பை 'அவுட்பர்ஸ்ட்' என்று எழுதினால் அந்த ஆளைச் சின்னவராக்கியதாக ஆகும். 'ப்ரொட்டெஸ்ட்', 'அப்ஜெக்ஷன்' என்று போடவேண்டிய இடத்தில் இது வந்தால் மூல ஆசிரியரின் சாய்வு அதில் தெரியும். மொழிபெயர்ப்பிலும் அது தெரிய வேண்டும்.

'பர்ஸ்ட்' வினையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மூன்று காலத்திலும் உருவம் மாறாது: பர்ஸ்ட், பர்ஸ்ட், பர்ஸ்ட். 'பர்ஸ்டட்' தவிர்க்க வேண்டியது. 'இன்டு' வந்தால் பெயர்ச்சொல் தொடரும், 'அவுட்' வந்தால் 'இங்' வடிவம் தொடரும். 'பர்ஸ்ட் இன்டு டியர்ஸ்', 'பர்ஸ்ட் அவுட் க்ரையிங்'. இரண்டையும் குழப்பி 'பர்ஸ்ட் இன்டு க்ரையிங்' என்று எழுதுவதைப் பார்க்கலாம். அது வழக்கில் இல்லை.

'அவுட்' முன்னால் வருவதும் பின்னால் வருவதும் ஒன்றல்ல என்பதற்கு ஒரு வேடிக்கை. 'அவுட்பிரேக்' நோயோ போரோ தலைகாட்டுவது, 'பிரேக்அவுட்' சிறையிலிருந்து தப்பி ஓடுவது. 'அவுட்லே' செலவிடும் தொகை, 'லேஅவுட்' பக்க அமைப்பு. துண்டுகள் அதே, பொருள் வேறு. அதனால் 'பர்ஸ்ட் அவுட்' என்பதைப் பெயர்ச்சொல்லாக 'பர்ஸ்ட்அவுட்' என்று நீங்களே உருவாக்க வேண்டாம்.

பதில்: மொரைன்மேடு

மூன்றாவதற்கு வருகிறேன். 'பனிப்பாறை வெடிப்பு வெள்ளம்' இரண்டு இடத்தில் தவறு.

ஒன்று, வெடிப்பது பனி இல்லை. பனியாறு, அதாவது மலையில் நகரும் கிளேசியர், பின்வாங்கும்போது அது விட்டுச்சென்ற கல்லும் மண்ணும் பனிக்கட்டியும் கலந்த மேடு, அதாவது மொரைன், ஓர் இயற்கை அணைபோல நிற்கிறது. அதற்குப் பின்னால் உருகிய நீர் தேங்கி ஏரியாகிறது. இந்த அணையைக் கட்டியவர் யாரும் இல்லை. இறுகாத குப்பைமேடு, உள்ளே பனிக்கட்டி உருகினால் தானே அமுங்கும். மேலிருந்து பனிச்சரிவோ பாறையோ ஏரிக்குள் விழுந்தால் அலை எழுந்து மேட்டைத் தாண்டும். தாண்டிய நீர் வாய்க்காலாக அறுக்கும், அறுக்க அறுக்க வாய் அகலமாகும், நீர் இன்னும் வேகமாகும். சில சமயம் மேலே ஒன்றும் தெரியாது, மேட்டின் அடியில் நீர் கசிந்து துளையாகி அரிக்கும். எப்படியானாலும் நடப்பது கரை உடைவது. ஏரிக்கரைக்கு நம்மிடம் சொல் புதிதாக வேண்டாம்: உடைப்பு. 'ஏரி உடைப்பெடுத்தது', 'கரை உடைத்துக்கொண்டது' எல்லாம் காலங்காலமாகப் புழங்குபவை.

2023 அக்டோபர் 3ஆம் தேதி இரவு சிக்கிமில் நடந்தது இதுதான். தென் லோனாக் ஏரிக்குள் பக்கவாட்டு மொரைன் சரிந்து விழுந்தது, அலை முன்கரையை உடைத்தது, தீஸ்தா ஆற்றில் இறங்கிய வெள்ளம் சுங்தாங்கில் இருந்த தீஸ்தா மூன்று அணையை அடித்துக்கொண்டு போனது.

இதற்கு மாறாக 2021 பிப்ரவரி 7 உத்தராகண்ட் சமோலியைப் பாருங்கள். அன்று ஊடகங்கள் 'கிளேசியர் பர்ஸ்ட்' என்று எழுத, அதுவே 'பனிப்பாறை வெடிப்பு' ஆனது. பின்னால் ஆய்ந்தபோது அங்கே ஏரி உடையவே இல்லை. ரோண்டி சிகரத்தின் சரிவிலிருந்து சுமார் 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்திருந்தது. விழுந்த வேகத்தின் உராய்வில் பனி உருகி, சேறும் நீருமாகப் பாய்ந்தது. அது சரிவு, உடைப்பு இல்லை. சொல்லைச் சரியாக வைத்திருந்தால் 'எந்த ஏரி?' என்ற கேள்வி முதல் நாளே எழுந்திருக்கும்.

இரண்டாவது தவறு 'பனிப்பாறை'. இந்தச் சொல் கடலில் மிதக்கும் ஐஸ்பெர்குக்கும் மலையில் நகரும் கிளேசியருக்கும் சேர்த்தே புழங்குகிறது. ஏரி விஷயத்தில் 'பனியாறு' என்றால் குழப்பம் இல்லை. ஆக, பனியாற்று ஏரி உடைப்பு வெள்ளம். தலைப்புக்கு நீளம் என்றால் பனியேரி உடைப்பு வெள்ளம்.

ஐஸ்லாந்தில் இதற்கென்றே 'யோகுல்லாப்' என்று ஒரு சொல் உண்டு, அது அறிவியல் வழக்கிலும் நுழைந்துவிட்டது. அங்கே வேறு இயக்கம். பனிக்கு அடியில் எரிமலை. 1996இல் வாட்னயோகுல் பனிப்பரப்பின் அடியில் எரிமலை கக்கியது செப்டம்பர் கடைசியில். உருகிய நீர் கிரிம்ஸ்வோட்ன் பள்ளத்தில் ஐந்து வாரம்போலத் தேங்கி, நவம்பர் 5இல்தான் பனியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது. உச்சத்தில் நொடிக்குச் சுமார் 50,000 கன மீட்டர். இங்கே 'இரப்ஷன்' ஒன்று, 'அவுட்பர்ஸ்ட்' வேறொன்று, இரண்டுக்கும் நடுவில் ஐந்து வாரம். இரண்டையும் 'வெடிப்பு' என்று எழுதினால் வாக்கியமே புரியாமல் போகும்.

'வெடிப்பு' என்ற சொல்லிடம் எனக்குப் பொதுவாகவே மனத்தாங்கல் உண்டு. சுவரில் விழும் விரிசலும் வெடிப்பு, குதிகாலில் வருவதும் வெடிப்பு, குண்டும் வெடிப்பு. 'அணையில் வெடிப்பு' என்று தலைப்புப் போட்டால் விரிசலா, குண்டா?

'கிளவுட்பர்ஸ்ட்' பற்றி: 'மேக வெடிப்பு' நிலைத்துவிட்டது, இனி மாற்ற முடியாது. ஆனால் மேகம் தண்ணீர் நிரப்பிய பையில்லை, அங்கே எதுவும் வெடிப்பதில்லை. இந்திய வானிலைத் துறை அளவுகோல்: ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் மழை, ஏறத்தாழ 20 முதல் 30 சதுர கிலோமீட்டர் பரப்பில். கணக்குப் போட்டால் 20 சதுர கிலோமீட்டருக்கே 200 கோடி லிட்டர். கனமழை எல்லாவற்றுக்கும் 'மேக வெடிப்பு' என்று எழுதுவது அளவு தெரியாமல் எழுதுவது.

சுரங்கத்திலும் 'அவுட்பர்ஸ்ட்' கலைச்சொல். நிலக்கரி முகப்பிலிருந்து வாயுவும் நொறுங்கிய கரியும் ஒருசேரப் பீய்ச்சியடிக்கும். கரிக்குள் அழுத்தத்தில் அடைபட்டிருந்த மீத்தேனோ கார்பன் டை ஆக்சைடோ வழி கிடைத்ததும் கரியையும் இழுத்துக்கொண்டு வருகிறது. தீ தேவையே இல்லை. 'எக்ஸ்ப்ளோஷன்' அப்படியில்லை. மீத்தேன் காற்றில் சுமார் 5 முதல் 15 சதவீதம் கலந்து, பொறியும் பட்டால்தான் அது. 'ராக் பர்ஸ்ட்' இன்னொன்று: ஆழத்தில் பாறையின்மேல் ஏறிய அழுத்தம் தாங்காமல் பாறையே சிதறுவது. கோலார் தங்கவயல் இதற்குப் பேர்போனது. மூன்றையும் 'சுரங்க வெடிவிபத்து' என்று எழுதினால் எந்தப் பாதுகாப்பு ஏற்பாடு தவறியது என்பதே மறைந்துபோகும். முதலாவதற்கு வாயுவை முன்கூட்டியே துளையிட்டு வடிக்க வேண்டும், இரண்டாவதற்குக் காற்றோட்டமும் பொறி தடுப்பும், மூன்றாவதற்குத் தோண்டும் வரிசையும் தாங்குகட்டும்.

பதில்: நள்ளிரவுத்தொலைநோக்கி

வானியல் காரர்கள் அவுட்பர்ஸ்டுக்கும் எக்ஸ்ப்ளோஷனுக்கும் போடும் கோடு தெளிவானது, மற்ற இடங்களுக்கும் உதவும். அவுட்பர்ஸ்ட் முடிந்த பிறகு பொருள் மிஞ்சும், மறுபடியும் நடக்கலாம். எக்ஸ்ப்ளோஷன் என்றால் பெரும்பாலும் பொருள் மிஞ்சாது.

டி கொரோனே போரியாலிஸ் என்ற விண்மீன் 1866இல் ஒருமுறை, 1946இல் ஒருமுறை வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவு பளிச்சென்று எழுந்தது. ஒரு வெண்குறுவிண்மீன் பக்கத்திலிருக்கும் செம்பெருவிண்மீனிடமிருந்து ஹைட்ரஜனை இழுத்து மேலே போர்த்திக்கொள்கிறது. போர்வை தடித்ததும் அணுக்கரு வினை மூண்டு அந்தப் போர்வையை எறிந்துவிடுகிறது. விண்மீன் அப்படியே இருக்கிறது, மறுபடி போர்த்தத் தொடங்குகிறது. இதை 'அவுட்பர்ஸ்ட்' என்பார்கள். சூப்பர்நோவாவில் விண்மீனின் கதை முடிகிறது, அது 'எக்ஸ்ப்ளோஷன்'. முதலாவதற்கு 'வெடித்துச் சிதறியது' என்று எழுதிவிட்டு, பத்தி கழித்து 'மீண்டும் வெடிக்கும்' என்று எழுதினால் வாசகர் கேட்கமாட்டாரா, சிதறியது எப்படி மீண்டும் வெடிக்கும் என்று? 'திடீர் ஒளியெழுச்சி' என்பது என் தேர்வு.

வால்வெள்ளிக்கும் அதே சொல். ஹோம்ஸ் வால்வெள்ளி 2007 அக்டோபரில் இரண்டு நாளுக்குள் 17ஆம் பருமனிலிருந்து 3க்கும் கீழே (பருமன் எண் குறையக் குறைய ஒளி அதிகம்), அதாவது ஏறத்தாழ 5 லட்சம் மடங்கு பிரகாசமானது. அதைக் கண்டுபிடித்ததே 1892இல் வந்த இன்னொரு ஒளியெழுச்சியில்தான்.

'பர்ஸ்ட்' மட்டும் தனியாக வந்தால் கால அளவு முக்கியம். காமாக் கதிர் பர்ஸ்ட் நொடிக் கணக்கு, வேக ரேடியோ பர்ஸ்ட் மில்லிநொடிக் கணக்கு. கேமராவின் பர்ஸ்ட், துப்பாக்கியின் பர்ஸ்ட் எல்லாம் இந்த வகை: சட்டென்று ஒரு கொத்து, பிறகு நிறுத்தம். 'அவுட்' ஒட்டும்போதுதான் 'உள்ளே அடைபட்டது வெளியே வந்தது' என்ற பொருள் ஏறுகிறது.

பதில்: சொல்தச்சன்

மேலே கேட்ட மற்றவற்றையும் முடித்துவிடலாம்.

'அவுட்பிரேக்' தொடக்கம்தான், முடிவு தெரியாது. போர் மூண்டது, தீ மூண்டது, கலவரம் வெடித்தது, நோய் கண்டது. 'மூள்' என்ற வினை இதற்காகவே செய்தது போலிருக்கிறது. நோய்க்கு 'நோய் வெடிப்பு' என்று போடாதீர்கள். 'திடீர் நோய்ப்பரவல்' போதும். எதிர்பார்க்கும் அளவைவிட அதிகம் வந்தால்தான் அவுட்பிரேக். எங்குமே இல்லாத நோய் என்றால் ஒரே ஒரு நோயாளி வந்தாலும் அவுட்பிரேக் ஆகலாம், அங்கே 'பரவல்' இடிக்கும். 'நோய் தலைகாட்டியது' என்று வினைக்குப் போய்விடுங்கள்.

'இரப்ஷன்' லத்தீனில் உடைத்து வெளியேறுவது. எரிமலைக்கு 'வெடிப்பு' எப்போதும் சரி என்று நினைக்க வேண்டாம். ஹவாயின் கிலவேயாவில் பெரும்பாலும் எரிகுழம்பு வழிந்து ஓடும், வெடிக்காது. 'எரிமலை கக்கியது' இரண்டுக்கும் பொருந்தும். தோலில் இரப்ஷன் என்றால் தடிப்பு, கொப்புளம். பல்லில் இரப்ஷன் என்றால் வெறுமனே முளைப்பது. ஆறு மாதக் குழந்தைக்குப் 'பல் வெடிப்பு' என்று எழுதிய துண்டறிக்கையைப் படிக்கும் தாயின் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

'எக்ஸ்ப்ளோஷன்' பிறந்த கதை சுவையானது. லத்தீன் 'எக்ஸ்ப்ளோதெரே' கைதட்டிக் கூச்சலிட்டு நடிகனை மேடையிலிருந்து விரட்டுவது. வெடிமருந்துப் பொருள் பிற்பாடு ஏறியது.

பதில்: மூன்றாம்படிவம்

(ஆ)வை யாரும் தொடவில்லை. அதில்தான் சொல் தவறினால் பாதிப்பு அதிகம்.

அந்த 'வாரத்துக்கு இத்தனை' எங்கிருந்து வருகிறது என்றால், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க்கணிப்புக் கையேடான டிஎஸ்எம்மின், 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில் குழந்தைகளுக்கான ஒரு நோய்க்கணிப்பு, டிஸ்ரப்டிவ் மூட் டிஸ்ரெகுலேஷன் டிஸார்டர். அதன் நிபந்தனைகள்: கடுமையான டெம்பர் அவுட்பர்ஸ்ட், சராசரியாக வாரத்துக்கு மூன்று அல்லது அதற்கு மேல், 12 மாதமோ அதற்கு அதிகமோ; வீடு, பள்ளி, சக வயதினர் ஆகிய மூன்று சூழலில் குறைந்தது இரண்டில்; தொடக்கம் 10 வயதுக்கு முன். இன்னொரு நிபந்தனை மொழிபெயர்ப்பாளருக்கு முக்கியம்: அவுட்பர்ஸ்டுகளுக்கு இடைப்பட்ட நேரத்திலும் குழந்தை பெரும்பாலும் எரிச்சலாகவோ கோபமாகவோ இருக்கும்.

இப்போது 'ஆவேசம்' ஏன் ஆகாது என்று தெரியும். நிபந்தனையில் இரண்டு இருக்கின்றன: எண்ணக்கூடிய நிகழ்ச்சி ஒன்று, நாள்முழுக்க நீடிக்கும் மனநிலை இன்னொன்று. 'ஆவேசம்' இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். பெற்றோர் எதை எண்ணுவார்? நிகழ்ச்சிக்கு 'கோப வெடிப்பு', மனநிலைக்கு 'எரிச்சல்' என்று பிரித்து, கடைசிவரை மாற்றாமல் வையுங்கள். 'கோப வெடிப்பு' அழகான தமிழ் இல்லைதான். ஆனால் எண்ண முடியும். முதல் தடவை வரும்போது என்னவெல்லாம் அதில் சேரும் என்று ஒரு வரி சேருங்கள்: கத்துவது, பொருளை எறிவது, அடிப்பது, நடந்ததற்குச் சம்பந்தமே இல்லாத அளவில். பெற்றோருக்கான துண்டறிக்கை என்றால் 'கத்தி ரகளை செய்வது' என்றே எழுதலாம்.

எண்ணில் ஒரு பொறி. 'த்ரீ ஆர் மோர்' என்பதை 'மூன்றுக்கு மேல்' என்று எழுதினால் நான்கு ஆகிவிடும். 'குறைந்தது மூன்று தடவை' என்று எழுதுங்கள். 'சராசரியாக' என்பதை விடாதீர்கள், ஒரு வாரம் இரண்டும் அடுத்த வாரம் நான்கும் வந்தால் கணக்கில் சேரும்.

பெரியவர்களுக்கும் கணிக்கப்படும் 'இன்டர்மிட்டென்ட் எக்ஸ்ப்ளோசிவ் டிஸார்டர்' (அவ்வப்போது கட்டுப்பாடிழந்து சீறும் கோளாறு) வேறு. அங்கே எண்ணிக்கை இரண்டு வழி. பொருளோ ஆளோ சேதமாகாத சச்சரவு, திட்டல் என்றால் சராசரியாக வாரத்துக்கு இரண்டு, 3 மாதம். சேதமோ காயமோ ஏற்பட்டால் 12 மாதத்தில் மூன்று. இதை மேலே சொன்ன நிபந்தனைகளோடு கலந்துவிட வேண்டாம்.

நரம்பியல் ஆவணத்தில் வந்தால் மறுபடி யோசிக்க வேண்டும். பக்கவாதம் போன்றவற்றுக்குப் பிறகு சிலருக்கு உள்ளே துக்கமோ மகிழ்ச்சியோ இல்லாமலே அழுகையும் சிரிப்பும் கட்டுக்கடங்காமல் வரும். சூடோபல்பர் அஃபெக்ட் என்பது அது. அங்கே 'உணர்ச்சி வெடிப்பு' என்றால் நேர்த்தப்பு, ஏனென்றால் அந்த உணர்ச்சி உள்ளே இல்லை. 'கட்டுப்படாத திடீர் அழுகை அல்லது சிரிப்பு' என்று நடப்பதை மட்டும் எழுதுங்கள்.

ஒற்றுப்பிழை

என் திருத்திய வரைவு:

அ) நிருபரிடம் சீறியதற்காகப் பயிற்சியாளர் மறுநாள் மன்னிப்புக் கேட்டார்.
ஆ) சராசரியாக வாரத்துக்குக் குறைந்தது மூன்று தடவை கடுமையான கோப வெடிப்பு, இடைப்பட்ட நேரத்திலும் எரிச்சல்.
இ) பனியாற்று ஏரி உடைப்பு வெள்ளம். சுருக்கமாகப் பனியேரி உடைப்பு.

அதே கட்டுரையில் பின்னால் 'அவுட்பர்ஸ்ட் ஆஃப் பப்ளிக் ஆங்கர்' என்றும் ஒன்று வருகிறது. வெள்ளத்துக்குப் பிறகு மக்கள் ஆட்சியர் அலுவலகத்தை முற்றுகையிட்டது. அதை 'மக்களின் கோபம் வெடித்தது' என்று வைக்கலாமா?

பதில்: சொல்தச்சன்

வைக்கலாம். ஆனால் முற்றுகை எத்தனை நாள் என்று பாருங்கள். ஒரு பகல் என்றால் 'வெடித்தது'. வாரக்கணக்கில் என்றால், நான் மேலே தள்ளிவைத்த 'கொந்தளிப்பு' இங்கேதான் உட்காரும். முன்பத்தியில் ஏரி உடைந்திருக்கிறது என்பதால் 'கோபம் கரை உடைத்தது' என்று எழுதக் கை துறுதுறுக்கும், வேண்டாம். ஆட்கள் செத்த வெள்ளத்தை வைத்து அணி செய்ததாகிவிடும்.

பதில்: மொரைன்மேடு

(இ)யில் சின்னத் திருத்தம். 'பனியேரி உடைப்பு' என்று சுருக்கினால் வெள்ளம் விடுபடுகிறது. கரை உடைந்தும் நீர் கீழே இன்னொரு ஏரியில் தங்கிவிடும் நேர்வுகள் உண்டு, அங்கே உடைப்பு இருக்கிறது, வெள்ளம் இல்லை. உங்கள் கட்டுரை வெள்ளத்தைப் பற்றியது என்றால் சுருக்கத்திலும் 'வெள்ளம்' இருக்கட்டும்.